நீலத் தோல்

பேரணாம்பட்டில் தபஸ்ஸுமின் கிடங்கில் வெள்ளம் புகுந்து தோல்கள் நாசமாயின. சரக்கு முன்பே கெட்டிருந்ததாகச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. இழப்பீடு வராவிட்டால் தொழிலை மூட வேண்டியதுதான். சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு மறுபடியும் நிறுவனத்தின் ஆம்பூர் கிளை அலுவலகத்துக்கு வந்திருந்தாள்.

"அதெல்லாம் குடுக்க மாட்டோம்மா. இன்னா இப்படி பேஜார் பண்றீங்க?" என்றார் மேலாளர்.

"கேட்டா குடுக்கணும்னு சட்டம் இருக்கு சார். முடியாதுன்னா அதையாவது எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுக்க அவருக்குத் துணிவில்லை, நகல் வந்தது. 'தோல்கள் நீலம் பூத்து அழுகியிருந்தன' என்று சென்னை சர்வேயர் எழுதியிருந்தார்.

"குரோமியத்துல பதப்படுத்தினா தோலு நீலமாத்தான் சார் இருக்கும்! ஆம்பூர்ல உக்காந்துகினு இது தெரியாதா?"

தபஸ்ஸும் பேனாவைத் திறந்தாள்.

"மறு சர்வே கேட்டு எழுதறேன். வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடுங்க."