மூன்றாம் பாட்டுக்குப் பிறகு

எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவனுக்கு நிமிர்ந்து நிற்க நேரம் கிடையாது. லாரி வந்து வரப்போரம் நின்றுவிட்டால் மேஸ்திரி வாய் ஓயாது. அரியமுத்து அடியில் அரிவாளைப் போட்டு, தோகையைச் சீவி, கொண்டையைத் தறித்து, கரும்புகளைப் பின்னால் வீசிக்கொண்டே போனார். மருமகள் பூங்காவனம் அவற்றைப் பொறுக்கிக் கட்டுக் கட்டினாள்.

துபாயிலிருந்து முந்தாநாள் வந்த லப்பைக்குடிக்காட்டு ஆள் ஒருவர் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வந்தார். துணியில் சுற்றிய ஒரு கேசட்டை அரியமுத்து கையில் வைத்தார்.

"உங்க மவன் மாயவன் குடுத்தாரு. ரெண்டாம் பக்கத்த போட்டு, மூணு பாட்டு முடியிற வரைக்கும் பொறுமையா கேக்கச் சொன்னாரு. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நான் திரும்பி அங்கதான் போயி பொழைக்கணும்."

வந்த வேகத்தில் அவர் போய்விட்டார். கேசட்டு அட்டையில் சுருட்டை முடியும் சிவப்புச் சட்டையுமாக ஒரு வெளிநாட்டுக்காரி வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வரிசையில் வெட்டிய குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அடியே பூங்காவனம், உம் புருசன் சக்களத்தி படத்த அனுப்பியிருக்கான்டி!"

"வரட்டுமே அக்கா. கட்டுத் தூக்க ஒரு ஆளாச்சு," என்றாள் பூங்காவனம். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கண் கேசட்டை விட்டு நகரவில்லை.

அரியமுத்து சிரிக்கவில்லை. ஒன்பது மாதமாக ஒரு வரி கடுதாசி போடாதவனுக்குப் பாட்டு அனுப்ப என்ன வந்தது?

மறுநாள் இரண்டு பேரும் லப்பைக்குடிக்காட்டில் சிக்கந்தர் பாய் கடைக்குப் போனார்கள். பாய் பதினோரு வருசம் துபாயில் இருந்துவிட்டு வந்து செண்டு, நைலான் சேலை விற்கிறவர். கடையில் டேப் ரிக்கார்டர் இருந்தது. அட்டையைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அட, இவளா! ஸ்பெயின் பாசையில பாடுறவ அண்ணே. போன வருசம் வரைக்கும் இவள ஒருத்தருக்கும் தெரியாது. இந்த ஒரு கேசட்டு, ஒலகம் பூரா தூக்கிட்டுப் போயிடுச்சு. அங்க பலசரக்குக் கடையிலகூட இவ பாட்டுதான் ஓடுதாம்."

இரண்டாம் பக்கம் ஓடியது. மேளமும் கைத்தட்டலுமாக முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு அழுகிற மாதிரி. மூன்றாவதில் ஆம்பளைகள் கூட்டமாகச் சேர்ந்து கத்தினார்கள். அது முடிந்ததும் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு மாயவன்.

"அப்பா, நான்தான் பேசுறன். கட்டட வேலைன்னு சொல்லித்தான வைத்திலிங்கம் சார் அனுப்புனாரு? அது பொய்யிப்பா. ஒரு ரூம்புல வச்சு வெளியில பூட்டிடுறாங்க. அறுவது மிசினு ஓடுது. இந்தப் பொம்பள பாட்டத்தான் ராவும் பகலுமா காப்பி எடுக்குறம். எடுக்க எடுக்க வித்துப் போயிடுது. சன்னல் கெடையாது. காது ரெண்டும் இரையுது. பாட்டுக் கம்பெனிக்காரன் கேசு போட்டுட்டானாம். போலீசு வந்தா, நான்தான் திருட்டுத்தனமா செஞ்சன்னு சொல்லணுமாம். அரபியில எழுதுன தாளுல எங் கட்டவெரல அமுத்திப் புடிச்சு வச்சுக்கிட்டாங்க. பாஸ்போர்ட்டு அவங்ககிட்ட. எப்படியாவது என்னக் கூப்டுக்கப்பா. பூங்காவனத்துகிட்ட..."

அங்கே அறுந்து, மறுபடியும் பாட்டு வந்தது.

பூங்காவனம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பாய் பெட்டியை நிறுத்தினார்.

"அண்ணே, சொல்லாம இருக்க முடியல. கேசட்டு கொண்டாந்த ஆளு நேத்து சாயந்தரம் எங்கிட்ட சொல்லிட்டு அழுதான். அவன் கெளம்புறதுக்குள்ள அந்த ரூம்புக்குப் போலீசு வந்துடுச்சாம். மொதலாளி மேல ஒரு தூசு வுழல. உம்மவனத்தான் புடிச்சுட்டுப் போயிட்டாங்களாம்."

"அவன் என்ன பண்ணுவான் பாய்? பூட்டி வச்சவன புடிக்காம, பூட்டுக்குள்ள கெடந்தவன புடிப்பாங்களா?"

"அல்லா அறிவான். அவன் பக்கம் சாட்சின்னா இது ஒண்ணுதான்." பாய் கேசட்டின் முதுகில் ஓரமாக இருந்த பிளாஸ்டிக் நாக்கைக் கத்தி முனையால் ஒடித்தார். சின்னதாக ஒரு பொந்து விழுந்தது. "இத ஒடைச்சிட்டா இதுமேல வேற எதையும் பதிய முடியாது. எங்கிட்ட ஒரு பொட்டிதான். ரெண்டு இருந்தா காப்பி எடுத்துடலாம். திருச்சியில ஒரு வக்கீலப் பாருங்க. கேசட்ட மட்டும் கைய வுட்டுக் குடுத்துடாதீங்க."

வக்கீலிடம் போனால் அந்த முதலாளி பேரும் விலாசமும் கேட்பான். அது துபாய்க்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டு வைத்திலிங்கத்திடம்தான் இருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் அவன் ஆபீஸ். ஏறும்போதே அந்தப் பாட்டு கேட்டது. அரியமுத்து மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்கயும் இவதானா?"

வைத்திலிங்கம் எழுந்து நின்று கும்பிட்டான். அதுவே அரியமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. மகனை அனுப்பச் சொல்லி ஆறு மாதம் நடந்தபோது ஒருநாள்கூட உட்காரச் சொல்லாதவன் அவன்.

"பெரியவரே, விசயம் எனக்கும் வந்துச்சு. மாயவன் தப்பு பண்ணிட்டான். யாருக்கும் தெரியாம சொந்தமா காப்பி எடுத்து வித்திருக்கான்."

"எம்மவன் அவன் வாயால பேசியிருக்கான் சார்," என்று அரியமுத்து மடியிலிருந்து கேசட்டை எடுத்தார்.

வைத்திலிங்கம் அதைப் போட்டுக் கேட்டான். மூன்று பாட்டும், பிறகு மாயவனும். கேட்கக் கேட்க அவன் நெற்றியைத் துடைத்தான். முடிந்ததும் குரலைத் தணித்தான்.

"இது போதும், பையன வெளிய கொண்டாந்துடலாம். விலாசமும் எழுதித் தரேன். தூதரகத்துக்கு ஒரு காப்பி அனுப்பணும். உள்ள ரெண்டு கேசட்டு போடுற டபுள் மிசினு இருக்கு, இப்பவே எடுத்துடலாம்."

"நான் கேசட்ட வுட்டுட்டுப் போவ மாட்டேன்."

"யாரு போவச் சொன்னா? கதவுக்கு இந்தாண்டயே உக்காருங்க. பாட்டு ஓடி முடிஞ்சா கைல குடுத்துடுறேன்."

அரியமுத்து பெஞ்சில் உட்காரவில்லை. கதவுக்கு நேரே தரையில் குந்தினார். பூங்காவனம் பக்கத்தில். கதவு சாத்தியிருந்தது, ஆனால் சத்தம் வந்தது. மேளமும் கைத்தட்டலும். அவர் ஒரு விரலை மடக்கினார். அழுகிற பாட்டு. இரண்டாவது விரல். ஆம்பளைகள் கத்தினார்கள். மூன்றாவது விரல்.

பூங்காவனம் கதவில் காதை வைத்தாள். இப்போது கரகரப்பு வர வேண்டும்.

சலங்கை போல ஏதோ குலுங்கியது. அந்தப் பொம்பளை நாலாவது பாட்டைத் தொடங்கினாள்.

"மாமா!" என்றாள் பூங்காவனம்.

அரியமுத்து தோளால் கதவை இடித்தார். உள்ளே தாழ். வேலையாள் நடராசன் ஓடி வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தான். "யோவ், மிசினு கெட்டுடும்யா, உக்காரு!" பாட்டு நிதானமாக முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. பிறகுதான் தாழ் திறந்தது. வைத்திலிங்கம் கேசட்டை நீட்டினான். அது சூடாக இருந்தது.

"எம் புருசன் பேச்சு எங்க?" என்று பூங்காவனம் கத்தினாள்.

"என்னம்மா பேச்சு? பாட்டு கேசட்டுதான கொண்டாந்தீங்க? வெயில்ல தலை சுத்துதா?" அவன் நடராசனைப் பார்த்தான். "நீ எதாச்சும் பேச்சு கேட்டியாடா?"

"பாட்டுதான் சார் கேட்டுச்சு."

"அந்த மொதலாளி விலாசம்?" என்றார் அரியமுத்து.

"திருடனுக்கு நான் ஏன் விலாசம் தரணும்? எறங்குங்க."

படியில் நின்று அரியமுத்து கேசட்டைத் தடவிப் பார்த்தார். பாய் ஒடித்த இடத்தில் பொந்து தட்டுப்படவில்லை. வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினார். கண்ணாடி மாதிரி ஒட்டுத்தாள் ஒரு துண்டு உரிந்து வந்தது. அதற்கடியில் பொந்து அப்படியே இருந்தது. பொந்தை மூடிவிட்டு, மாயவன் பேச்சின் மேலேயே பாட்டைப் பதிந்திருக்கிறான்.

ஒட்டுத்தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். அதில் ஒரு கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல் பதிந்திருந்தது. அவர் விரலாக இருக்க முடியாது. கரும்பு வெட்டி வெட்டி அவர் விரல்களில் ரேகையே கிடையாது. கீழே பஸ் ஸ்டாண்டுக் கடையில் அதே கேசட்டுகள் வரிசையாகத் தொங்கின. மேலே ஆபீஸில் அந்தப் பொம்பளை மறுபடியும் முதல் பாட்டிலிருந்து பாடிக்கொண்டிருந்தாள்.