ஈரம் படாதவர்

பேட்டரி ஆய்வுக்கூடத்துப் பொடிக்காரர் மேல் தண்ணீர் படுவது, அவர் வேலைக்குச் சேர்ந்த பதினோராம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நின்றுபோனது. உலர் அறை வாசலில் ஈரம் அளக்கும் கருவி அவருக்கு மட்டும் பூஜ்யம் காட்டியது. பழுது என்று மாற்றினார்கள், புதியதும் பூஜ்யம்தான். குளித்தால் தண்ணீர் இரண்டு விரல் தள்ளியே ஓடியது. குடிக்காமல் எப்படி உயிரோடு இருக்கிறார் என்று கேட்டவர்கள் ஒரு மாதத்தில் கேட்டு அலுத்துப்போனார்கள்.

அவர் சந்தோஷப்பட்டார், பாவம். சோடியத்துக்கு ஈரம் ஜென்மப் பகை. உப்பிலிருந்து எடுக்கும் சோடியத்தில், தீப்பிடிக்கும் திரவமே இல்லாத மலிவான பேட்டரி செய்துவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். திரவத்துக்குப் பதிலாகப் பீங்கான் பொடியை அழுத்திச் சுட்டுப் பொத்தான் அளவு வில்லையாக்கி உள்ளே வைப்பார். நாற்பது தடவை மின்னேற்றியதும் வில்லைக்குள் சோடியம் மயிரிழை முள்ளாக முளைத்து மறுபக்கம் தொட, பேட்டரி செத்துப்போகும். பத்து வருடம் இதே கதை. இப்போதோ அவர் பக்கத்தில் இருந்தால் முந்நூறு தாண்டியது. வீட்டுக்குக் கிளம்பிய பத்தாவது நிமிடம் முள் முளைத்தது.

நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் விஷயம் முற்றியது. நெற்றியில் போட நனைத்த துணி அவர் கை பட்டதும் காய்ந்தது. மறுபடி நனைத்தார், மறுபடி காய்ந்தது. மடியில் கிடந்த குழந்தையின் உதடு வெடித்தது. மனைவி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“கிட்ட வராதீங்க. உங்க மேல தப்பு இல்ல. ஆனா வராதீங்க.”

அவரால் அழக்கூட முடியவில்லை. அதற்கும் ஈரம் வேண்டும். வேலையை விட்டுப் பார்த்தார். ஆறு மாதமாகியும் ஒரு சொட்டுகூட அவரிடம் திரும்பி வரவில்லை. வீடு, வேலை இரண்டும் போவதற்கு ஒன்றாவது மிஞ்சட்டும் என்று ஆய்வுக்கூடத்துக்கே போனார்.

அவருக்கென்று கண்ணாடி அறை கட்டிக்கொடுத்தார்கள். மூன்று வருடமாக அவரும் பேட்டரியும் உள்ளே இருக்கிறார்கள். மின்னேற்றிய எண்ணிக்கை ஒன்பதாயிரம் ஆகிவிட்டது. பேட்டரிக்கு ஒரு ஆளைச் சேர்த்து விற்கவா முடியும் என்று மேலதிகாரிகள் கேட்டதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருவாள். சுவரில் பதித்த நீள ரப்பர் கையுறைக்குள் கையை விட்டு உள்ளே நீட்டுவாள். பெரியவர்களுக்குச் செய்த கையுறை. அவள் விரல்கள் பாதிவரைகூட எட்டாது.

“அப்பா, என் கை எங்க இருக்கு, சொல்லுங்க?”

அவர் காலியாகத் தொங்கும் ரப்பர் நுனியைப் பிடித்துக்கொண்டு, இதோ இருக்கிறதே என்பார். அவளும் ஆமாம் என்பாள்.