என் அண்ணத்தின் மேடுகள்

நான் பல்செட் செய்கிறவன். வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நான் மெருகேற்றிய தகட்டில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன்.

கட்டி வந்து மனைவியின் மேல் அண்ணத்தில் பாதியை வெட்டி எடுத்த பிறகு, அவளுக்கான தகட்டையும் நானே செய்தேன். அண்ணத்தில் ஓட்டை இருந்தால் காற்று மூக்கு வழியாக நழுவிவிடும். 'ம', 'ன' பிழைத்துக்கொள்ளும், அவை மூக்கின் செல்லப்பிள்ளைகள். 'ப', 'ட', 'க' வர வேண்டுமென்றால் காற்றை வாய்க்குள் ஒரு கணம் அடைத்து வைத்துப் பிறகு வெளியே விடவேண்டும். என் தகடு ஓட்டையை அடைத்தது. ஆனாலும் பேச்சு குழறியது. ஒருநாள் போனில் பதிவான தன் குரலைத் தானே கேட்டவள், அதோடு வாயை மூடிக்கொண்டாள். தொலைவில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டால் போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். எட்டு மாதம் இப்படி. அவள் திட்டாத வீடு எனக்கு வீடாகவே இல்லை.

மதியங்களில் பட்டறையில் தகட்டின் மேல் வெள்ளைப் பொடி தூவி அவள் வாயில் மாட்டுவேன்.

"ஒரே ஒரு தடவை 'ச' சொல்லும்மா. எனக்கு மட்டுந்தான் கேக்கும்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்வாள். கழற்றிப் பார்த்தால் நாக்கு தொட்ட இடத்தில் பொடி நீங்கியிருக்கும். ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடம். இருட்டில் சுவிட்சைத் தேடும் கைபோல நாக்கு அலைந்திருந்தது.

ஒரு மதியம் மேஜையிலேயே கண்ணயர்ந்தேன். கனவில், மங்கிய சிவப்பு வெளிச்சமுள்ள கூடம் ஒன்றில் நடக்கிறேன். எங்கோ கீழேயிருந்து காற்று ஏறி வருகிறது. வழியில் இரண்டு மெல்லிய திரைகள் அதில் நடுங்க, ரீங்காரம் எழுகிறது. அது அவள் குரல். எழுத்தாகாமலே என்னைக் கடந்து வெளியே போகிறது. பிடித்து நிறுத்தலாமென்று கூரையைத் தடவுகிறேன். வழவழவென்று இருக்கிறது, கை நிற்கவில்லை. வழுக்கி விழுந்து விழித்தேன். என் நாக்கின் நுனி முன்பற்களுக்குப் பின்னாலிருந்த மேடுகளைத் தடவிக்கொண்டிருந்தது.

அந்த மேடுகளைத்தான் மெருகு மெருகு என்று அவள் தகட்டில் ஒழித்திருந்தேன். நாக்கு எதைத் தொட்டு வழி தெரிந்துகொள்ளும்? எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

சிகிச்சைக்கு முன் அவள் வாயை அச்செடுத்து வைக்க, பயத்தில் எனக்குத் தோன்றவில்லை. அதனால் என் வாயையே அச்செடுத்தேன். என் மேடுகளை ஒவ்வொன்றாக மெழுகில் செதுக்கி அவள் தகட்டில் ஏற்றினேன்.

மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் கன்னம் மட்டும் அசைந்தது.

"இது யாரோட மேடு?"

'ட' சுத்தமாக வந்து விழுந்தது.

"என்னோடதுதான்."

"இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்துறேன். உங்களுக்குள்ள இவ்வளவு கரடுமுரடுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவளே போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்கப்பா," என்றாள் மகள்.

"அப்பா இல்லடி. நான்தான்."

மறுமுனையில் பேச்சையே காணோம். விட்டுவிட்டு வரும் மூச்சு மட்டும் கேட்டது.

"என்னடி, உனக்கும் ஒரு தகடு செய்யச் சொல்லவா? உங்கப்பா சும்மாத்தான் இருக்காரு," என்றாள் அவள்.