செவலையின் கொம்புகள்

சேவூர் ஓரத்து நிலத்தில் ரத்னாவதியும் கணவர் ஹேமசந்திரனும் ரசாயன உரத்தை விட்டு மூன்று போகம் ஆகியிருந்தது. நிலமும் ஓர் உயிர்தான் என்று இயற்கை உழவுப் பயிற்சி முகாமில் சொன்னது, ஜைன வீட்டில் பிறந்த அவளுக்குப் புதிதாகப் படவில்லை. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைத்தால் அது மண்ணை எழுப்பும் மருந்தாகும் என்றார்கள். அதற்கு மட்டும் தயங்கினாள். கசாப்புக்கடைக் கொம்பைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள்.

புரட்டாசியில் அவர்களுடைய செவலைப் பசு வயதாகி இறந்தது. அழுதுகொண்டே அதன் கொம்புகளை எடுத்து, சாணம் அடைத்து, வயலில் புதைத்தாள்.

பங்குனியில் தோண்டியபோது சாணம் மண்வாசனையோடு உதிர்ந்திருக்க வேண்டும். அதுவோ மக்காமல் பச்சைச் சாணமாகவே நாறியது. மேலே ஊதா நிறம் படிந்திருந்தது. பக்கத்துச் சாயப்பட்டறையின் கழிவுநீர் மண்ணுக்கடியில் ஊறி வந்திருந்தது.

நேராகப் பட்டறைக்காரன் சதீஷிடம் போய்க் கேட்டாள்.

“பைப்பு உடஞ்சி ரொம்ப நாளாச்சிக்கா. மாத்திடறேன்” என்று அவன் தலை குனிந்துகொண்டான்.

வீட்டில் ஹேமசந்திரன், “மேட்டுப் பக்கமா திரும்பப் பொதைக்கலாமா?” என்றார்.

“வேணாங்க. செத்தப்பறமும் செவலைய எத்தினி வாட்டி வேலை வாங்கறது?”

கொம்புகளைக் கழுவி, பசுவை அடக்கம் செய்த இடத்திலேயே வைத்து மூடினாள். சாயம் ஊறிய துண்டில் அந்த வருஷம் அவர்கள் எதையும் விதைக்கவில்லை.