சலாமி இல்லாத பலகை

தாங்ஸ்கிவிங் விடுமுறைத் திங்களன்று சம்பந்தியாக வரப்போகிற வீட்டாருக்குச் சீஸ் வைப்போம் என்று என் மகள் நடாஷா சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாட்டில் இலையுதிர் காலத்தில் எல்லோரும் இப்படித்தானாம். ஒரு மரப்பலகை நிறையச் சீஸ், பழம், கொறிக்கிற சாமான்கள். "அம்மா, ரிலாக்ஸ். சுலக்சன்ர அம்மாவுக்குப் பிடிக்கும்."

அந்த அம்மா, கமலாம்பிகை, எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டுப் படி மிதித்ததே இல்லை. நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர், அவர்கள் சைவம். நடாஷாவும் சுலக்சனும் விரும்பி இரண்டு வருடமாகியும் அவர் மனம் இறங்கவில்லை. இப்போதுதான் புருஷனோடும் மகனோடும் விட்பியிலிருந்து முதல் தடவையாக வருகிறார். அவர் என் வீட்டில் கை நனைத்தால்தான் கலியாணம் சரிவரும் என்று எனக்குத் தெரியும். நடாஷாவின் அப்பா உயிரோடு இருந்திருந்தால் பாதிப் பயத்தை அவர் தலையில் கட்டியிருப்பேன்.

சீஸ் என்றால் வெறும் பால் என்று நினைத்திருந்தேன். சிலதில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ஏதோ சேர்ப்பார்களாம். கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் லேபிள் வாசித்து, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்ற செடார், பிறீ சீஸ்களைத் தேடிப்பிடித்தேன். வீட்டுப் பலகையில் நான் வெட்டாத மீன் இல்லை, அதனால் புதிதாக ஒன்று வாங்கினேன். நடாஷா கொண்டுவந்த சலாமி இறைச்சித் துண்டுகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் முறுக்கை அடுக்கினேன். அவள் நயாகரா திராட்சை, அத்திப்பழம், ஆப்பிள், வால்நட் எல்லாம் வைத்து, நடுவில் கையளவு பூசணிக்காய் ஒன்றையும் இருத்தினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு வந்தார்கள். கமலாம்பிகையின் புருஷன் இராஜரட்ணம் உட்கார்ந்த கையோடு கோப்பையைச் சீஸும் முறுக்குமாக நிரப்பினார். கமலாம்பிகை பலகையைப் பார்த்தார், சிரித்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுங்கோ," என்றேன்.

"பிறகு எடுக்கிறன் அக்கா."

நாலு மணிக்கும் அதே பதில். தேத்தண்ணியும் வேண்டாமாம். நடாஷாவின் முகம் வாடுவதைப் பார்த்தேன். வாயை அடக்க முடியவில்லை.

"புதுப் பலகை. இறைச்சி மீன் ஒண்டும் படேல்லை. சீஸும் பாத்துப் பாத்துத்தான் வாங்கினனான். இன்னும் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ!"

"அம்மா!" என்றாள் நடாஷா. இராஜரட்ணத்தின் கையில் முறுக்கு அப்படியே நின்றது.

கமலாம்பிகை தலை குனிந்தார். "கௌரி விரதம் அக்கா. இருபத்தொரு நாள். பொழுதுபட்டு, கும்பிட்டு, ஒருநேரம்தான் சாப்பிடுவன்."

எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. வெள்ளி வேண்டாம், செவ்வாய் வேண்டாம் என்று நாள் பார்த்தவள் நான். ஆனால் பார்த்தது எங்கள் மாதா கோயில் கொடுத்த கலண்டரில். அதில் அந்தோனியார் திருநாள் இருக்கும், கௌரி விரதம் எப்படி இருக்கும்? சுலக்சன் பாவம், "சொறி அன்ரி, நான் மறந்திட்டன்," என்றான்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே," என்றேன் கமலாம்பிகையிடம்.

"சொன்னா நாளை மாத்துவியள். என்னாலை இந்தப் பிள்ளையள் ரெண்டு வருசம் காத்திருந்தது காணும், இனியும் வேண்டாம்."

நான் பலகையை அவர் முன்னாலிருந்து சற்றுத் தள்ளி வைத்தேன்.

ஐந்து மணியானதும் இராஜரட்ணம் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "வெளிக்கிடுவம். ட்ரஃபிக்கில மாட்டினா நீர் சாப்பிட எட்டு மணியாகும்."

கமலாம்பிகை அசையவில்லை. என்னைப் பார்த்து, "இண்டைக்கு எத்தினை மணிக்குப் பொழுதுபடும் அக்கா?" என்று கேட்டார்.

"ஆறரை கழியும்."

"அப்ப இருக்கிறன். விளக்கு ஒண்டு இருக்கோ?"

"எங்களிட்டை மெழுகுதிரிதான் இருக்கு."

"அது காணும்."

வெளியே இருட்டியதும் முகம் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். மாதா சுரூபத்துக்கு முன்னால் நான் கொளுத்திக் கொடுத்த மெழுகுதிரியை வைத்து, கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து ஒரு துண்டுச் செடாரை வாயில் போட்டார். "உப்புக் கூடிப்போச்சு," என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த துண்டையும் எடுத்தார்.

நான் கண்ணைத் துடைத்தேன். ஒரு நாளைக்கு ஒருதரம் மட்டும் சாப்பிடுகிற மனுசி, அந்த ஒருதரத்தை என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.