மின்கரனின் இடது கை

மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் அவளை வீட்டில் எல்லோரும் 'லெஃப்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவன் அண்ணன். பென்சில் பிடித்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாமே இடது கைதான். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் முழங்கையோடு இவள் முழங்கை நாள் முழுக்க மல்லுக்கட்டும். "கொஞ்சம் தள்ளி உக்காரேன்டி" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவளுக்குப் பத்து வயதில் மின்கரன் கிடைத்தான்.

மின்கரன் ஒரு படக்கதை வீரன். வேறு மொழியில் வந்ததை மொழிபெயர்த்து மாதம் ஒரு இதழாக விற்றார்கள். சாதாரண நாட்களில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பான். ஆபத்து என்றால் மஞ்சள் கையுறையைக் கழற்றி இடது கையை நீட்டுவான், மின்னல் பாயும். அந்தப் பக்கத்தை அவள் அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்து, "பாத்தியா?" என்றாள்.

பதினைந்து வருடம் கழித்து மின்கரன் சினிமாவாக வருகிறான் என்று செய்தி வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் போனதும் பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. மஞ்சள் கையுறையைக் கறுப்பாக்கிவிடுவார்களோ? கடிகாரக் கடையைத் தூக்கிவிட்டு அவனைக் கோடீஸ்வரனாக்கிவிடுவார்களோ? அதிகம் பேசாதவனை வாய் ஓயாமல் ஜோக்கடிக்க விடுவார்களோ? முன்னோட்டம் வெளிவந்த அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கையுறை மஞ்சள்தான். கடை இருந்தது, மேசையில் பூதக்கண்ணாடிகூட இருந்தது. பேச்சு அளவாக இருந்தது. எல்லாம் சரி என்று அவள் மூச்சு விடப்போன கடைசி நொடியில் அவன் கையுறையைக் கழற்றி, வலது கையை நீட்டினான்.

"வலது கையா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

அவளைப் போலவே இடது கைக்காரர்களான மின்கரன் ரசிகர்களுக்குக் கைபேசியில் ஒரு குழு இருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். குழு கொதித்துப் போயிற்று. படக் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது, எல்லோரும் கையெழுத்துப் போடுவது, கையை மாற்றாவிட்டால் முதல் நாள் ஒருவரும் தியேட்டர் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று முடிவானது. எதையும் வரிசைப்படுத்திச் செய்கிறவள் என்பதால் எழுதும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. ஏழு தடவை எழுதினாள். ஒன்று கெஞ்சுவது போலிருந்தது, இன்னொன்று மிரட்டுவது போலிருந்தது. ஆதாரத்துக்குப் பழைய இதழ்களிலிருந்து நாற்பத்தொரு படங்களைத் தேடி எடுத்தாள். நாற்பத்தொன்றிலும் இடது கை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடிதம் போக வேண்டும்.

வெள்ளி மதியம், சாப்பாட்டு நேரம். எந்தப் படத்தை முதலில் வைப்பது என்ற குழப்பம் இன்னும் தீராமல் எக்ஸ்ரே அறையின் கணினியில் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பதினேழாம் இதழில் மின்கரன் அடிபட்டு மருத்துவமனையில் கிடப்பான். டாக்டர் அவனுடைய மார்பு எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்ப்பார். அவளுக்கு உயிரான படம் அது. பின்னாளில் இந்த வேலைக்குப் படிக்க ஆசை வந்ததே அதைப் பார்த்துத்தான்.

பக்கத்து ஸ்கேன் அறை அக்கா டப்பாவும் கையுமாக வந்து அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"யாருடி அந்த டாக்டரு? ஃபிலிமைத் திருப்பி மாட்டிட்டு அவ்வளவு சீரியஸா பாக்கறாரு?"

"எங்கக்கா திருப்பி?"

"இதயத்தைப் பாரேன். கூர் எந்தப் பக்கம் போவுது? இடது வலது காட்ட வைக்கிற எல்-லு ஆர்-ருனு மார்க்கர் எழுத்தும் காணோம். ஒண்ணு ஃபிலிம் இடவலம் மாறிப்போச்சு, இல்லன்னா உன் ஆளுக்கு இதயமே வலப்பக்கம்." அக்கா ஒரு வாய் மென்றுகொண்டே சிரித்தாள். "நம்ம ரூம்ல இப்படி மாட்டியிருந்தா நமக்குச் சீட்டுக் கிழிஞ்சிருக்கும்."

அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. டாக்டரின் சட்டையைப் பார்த்தாள். பை வலது மார்பில் இருந்தது. கடிகாரம் வலது மணிக்கட்டில். நர்ஸ் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். வேறொரு படத்தைத் திறந்தாள். போலீஸ்காரன் இடது கையால் துப்பாக்கி நீட்டினான். அடுத்ததில் ரொட்டிக்கடைக்காரன் இடது கையால் கத்தி பிடித்திருந்தான். வில்லனும் இடது கை. வில்லனின் மாமியாரும் இடது கை.

"அக்கா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த ஊர்ல எல்லாருமே இடது கைக்கா."

யாரோ ஒரு அச்சகத்துக்காரர் முதல் இதழுக்கே அச்சு ஃபிலிமைத் திருப்பி வைத்திருக்கிறார். வாசகர்களுக்கு அது பழகிப்போனதும் அப்படியே தொடர்ந்திருப்பார்கள். வேறு விளக்கம் அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு இடது எது வலது எது என்று பார்த்துப் பார்த்து எழுத்து வைக்கிறவள், பதினைந்து வருடமாக மின்கரனின் கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அவன் வலது கைக்காரன். எப்போதுமே வலது கைக்காரன்தான்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கொட்டினாள்.

"அப்படியே அனுப்பிடு லெஃப்டு. அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

"மூலக் கதையை வச்சுப் படம் எடுக்கறவங்களுக்குத் தெரியாதாடா?"

"அப்ப குரூப்புல சொல்லு."

"முன்னூறு பேரு என்னைத் துவைச்சுக் காயப்போட்டுடுவாங்க."

"மத்தவங்களை விடு. உனக்கு என்ன கஷ்டம்?"

"என் ஆளுன்னு நினைச்சேன்டா. கடைசில ஃபிலிமைத் திருப்பி வச்சதால கிடைச்சவன்."

"கிடைச்சானா இல்லையா?" என்றான் அண்ணன். "அதைப் பாரு."

ஐந்தரைக்கு எக்ஸ்ரே படத்தைக் குழுவில் போட்டு, விஷயத்தை நான்கே வரியில் எழுதினாள். அனுப்பிவிட்டுக் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்துவைத்தாள். அது அதிர ஆரம்பித்ததும் அண்ணன்தான் எடுத்து வாசித்தான். முதலில் ஒருவர், 'இத்தனை வருஷம் நம்ம காதுல பூ சுத்திட்டாங்களே' என்று எழுதிவிட்டுக் குழுவைவிட்டே போய்விட்டார். அடுத்து ஒரு பேருந்து ஓட்டுநர்: 'வில்லனோட மாமியாருமா? ஐயோ, அந்தம்மாவை நம்ம சங்கத்துல சேத்துக்க முடியாது.' அதன்பிறகு மடை திறந்துவிட்டது. ஆளாளுக்குப் பழைய இதழ்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நாய் எந்தக் காலால் கை கொடுக்கிறது என்பதுவரை தேட ஆரம்பித்தார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும், 'அவனைப் பாத்துத்தான் நான் தைரியமா கரும்பலகையில இடது கையால எழுதினேன். இப்ப நிறுத்தவா முடியும்?' என்று எழுதியிருந்தார். அதை அவள் அண்ணனிடமிருந்து பிடுங்கித் தானே இன்னொரு முறை படித்தாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பழைய கடிதத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். இந்தத் தடவை ஏழு முறை எழுத வேண்டியிருக்கவில்லை.

'எங்கள் ஊர் அச்சில் மின்கரன் இடவலம் மாறிவிட்டான். அது எங்களுக்கு இன்றுதான் தெரிந்தது. அவன் கையை நீங்கள் மாற்ற வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள். படத்தில் எங்காவது அவனை ஒரு கண்ணாடி முன்னால் நிறுத்திக் கையுறையைக் கழற்ற வையுங்கள். கண்ணாடிக்குள் இருப்பவனை எங்களுக்குத் தெரியும். இப்படிக்கு, முன்னூற்றுப் பதினொரு பேர்.'

"படத்தை எடுத்து முடிச்சிருப்பாங்களேடி," என்றான் அண்ணன்.

"முடிச்சிருக்கட்டும். ரெண்டரை மணி நேரப் படத்துல ஒருத்தன் ஒரு தடவைகூடவா முகம் கழுவாம இருப்பான்?"

கடிதத்தை அனுப்பினாள். பிறகு தியேட்டரின் பக்கத்தைத் திறந்து, முதல் நாள் முதல் காட்சிக்கு நடு வரிசையில் இரண்டு இடம் பிடித்தாள். இடது ஓரம் ஒன்று, அதற்கு அடுத்தது ஒன்று.

"எனக்கும் சேத்தா?" என்றான் அண்ணன்.

"ஓர சீட்டு எனக்கு. உன் முழங்கையோட என்னால மல்லுக்கட்ட முடியாது."