மாதா தங்கிய ஐந்து மாதம்

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மாரிஸ் கூடத்தில் நின்று வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். முதலில் காலர், பிறகு கை, கடைசியாக முதுகு. கோலாலம்பூரின் பெரிய ஹோட்டல் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகளாக விருந்து மண்டபத்தில் பரிமாறியவர் அவர். கடைசிப் பதினான்கு ஆண்டுகள் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவர். சனிக்கிழமைக் கல்யாண விருந்து நடக்குமா நடக்காதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்காகச் சட்டை கசங்கிக் கிடக்கலாமா என்பது அவர் கட்சி.

"முதுகுப் பக்கத்த யாரு பாக்கப் போறா? மேல கோட்டு போட்டுடுவீங்க" என்றாள் மனைவி கெர்ட்ரூட்.

"எனக்குத் தெரியும்ல."

அன்று இரவே, நாட்டை இழுத்துப் பூட்டப் போவதாகத் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள். அது 2020 மார்ச். அந்தச் சட்டையை அவர் பிறகு ஹோட்டலுக்குப் போட்டுப் போகவே இல்லை.

அப்போது அவர்கள் வீட்டில் மாதா இருந்தார். பிரிக்பீல்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் பதினேழு கத்தோலிக்க வீடுகள் சேர்ந்தது அவர்களுடைய அன்பியம். நீலப் போர்வை போட்ட ஒன்றரை அடி மாதா சுரூபம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரம் தங்கும். புதன்கிழமை மாலை ஜெபமாலை சொல்லி, மீஹூனும் தேநீரும் கொடுத்து, அடுத்த வீட்டுக்காரர் கையில் ஒப்படைப்பார்கள். அந்தப் புதன்கிழமை முறை கேரன் வீட்டுக்கு. கேரன் காலையிலேயே போன் செய்தாள்.

"அக்கா, சாரி லா. அப்பாவுக்கு எண்பத்தி ரெண்டு வயசு. எத்தன வீட்டுல எத்தன கை தொட்டது. கொஞ்ச நாள் உங்க வீட்லயே இருக்கட்டுமே."

மாரிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "மாதாவையே குவாரன்டின்ல போட்டுட்டாங்க. ரெண்டு வாரந்தானே, இருந்துட்டுப் போகட்டும்."

இரண்டு வாரம் ஐந்து மாதமாயிற்று.

மூன்றாம் நாள் கேரனின் அப்பா கூப்பிட்டார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்ற லாசரஸ் அங்கிள். "மகளுக்குத் தெரியாம பேசுறேன். என் முறைய கெடுத்துட்டா. போனக் கொஞ்சம் மாதாகிட்ட புடிப்பா." மாரிஸ் ஸ்பீக்கரைப் போட்டு, சுரூபத்துக்கு முன்னால் இரண்டு கையாலும் போனை ஏந்தி நின்றார். தட்டு ஏந்துகிறவர் நிற்கிற அதே நிமிர்ந்த நிலை. கிழவர் பத்து நிமிடம் அழுது ஜெபித்து, "தேங்க்ஸ் பாஸ்" என்று வைத்தார்.

ஒரு வாரத்துக்குள் சேதி பரவியது. தனியாகக் கிடந்த முதியவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மாரிஸ் குளித்து, தலை வாரி, காலையில் ஆறு பேருக்கும் மாலையில் ஏழு பேருக்கும் நேரம் ஒதுக்கினார். ரயில் ஓசைகூட அடங்கிப்போன அந்த நாட்களில் கூடத்திலிருந்து யாராவது ஒருவரின் ஜெபம் கேட்டுக்கொண்டே இருக்கும். வெங்காயம் நறுக்கியபடி கெர்ட்ரூட்டும் 'ஆமென்' சொல்லுவாள். இப்போது நினைத்தால், அந்த வீடு அவ்வளவு நிறைந்திருந்ததே இல்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டாம் வாரம் ஹோட்டலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விருந்துப் பிரிவை மூடுகிறார்கள். மாரிஸ் அதை ஒருமுறை படித்தார். பிறகு பதினோரு மணிக்காரருக்குப் போன் ஏந்தப் போய்விட்டார். கெர்ட்ரூட்டுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஊருக்கெல்லாம் போன் புடிக்கிறீங்க. நமக்கு யார் புடிக்கிறது? அம்பத்தி நாலு வயசுல யாரு வேலை குடுப்பா? அடுத்த மாசம் வாடகை?"

"நமக்கு எதுக்கு கெர்ட்டி போனு? அவங்க நம்ம வீட்லதானே இருக்காங்க."

"அப்ப கேட்டுத் தொலைங்களேன்."

"கேட்டாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார். அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்ததை அவள் பார்த்தாள்; பார்க்காதது போல எழுந்து போனாள்.

அந்த வாரக் கடைசியில் கம்போங் மேடானிலிருந்து பிலோமினா ஆன்டி கூப்பிட்டார். அடுக்குமாடியில் தனியாக இருப்பவர், மகன் மெல்பர்னில். மகனுக்காக, நாட்டுக்காக, பாதிரியாருக்காக எல்லாம் ஜெபித்துவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் வேணாம் தாயே. நாலு நாளா ரொட்டியும் மைலோவுந்தான். ஒரு வாய் ரசஞ்சோறு கெடச்சா போதும்."

மாரிஸ் நேராகச் சமையலறைக்கு வந்தார். "கெர்ட்டி, புளி இருக்கா?"

"அடுத்தவங்க ஜெபத்த ஒட்டுக் கேக்குறது பாவம் இல்லையா?"

"காது இருக்குதே, நான் என்ன பண்ண? மேசைக்குப் பின்னால நின்னு, கேக்காமலே யாருக்கு என்ன வேணும்னு பாக்குறதுதானே முப்பது வருஷமா என் வேலை."

"அந்த வேலைக்குச் சம்பளம் இருந்துச்சி."

அவர் தூக்குச்சட்டியைக் கழுவி வைத்தார். அவளும் புளியை ஊறப்போட்டாள். மோட்டார் சைக்கிளில், போலீஸ் தடுப்பில் காத்து நின்று, ரசம் ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் மெல்பர்னிலிருந்து மகன் கூப்பிட்டான். "அங்கிள், தினமும் குடுக்க முடியுமா? நான் மாசாமாசம் அனுப்பிடறேன்." அவன் இன்னொருவனிடம் சொன்னான். ஆகஸ்டில் கேரன் முகக்கவசத்தோடு வந்து மாதாவை வாங்கிக்கொண்டு போனபோது, கெர்ட்ரூட் நாற்பது பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஆண்டு கழித்து ஹோட்டல் மறுபடியும் அழைத்தது. பழைய பதவி, சேமநிதி, வைத்தியச் செலவுக்கு மெடிக்கல் கார்டு எல்லாம் உண்டு. போகச் சொல்லி கெர்ட்ரூட் மன்றாடினாள். மாரிஸ் ஒரு நாள் முழுக்க யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"இதுதான் கடவுள் காட்டுன வழின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது கெர்ட்டி. எனக்கு ஒரு குரலும் கேக்கல. ஒரு பாட்டி ரசம் கேட்டாங்க, அவ்வளவுதான் கேட்டுச்சி. அதுக்கு மேல எனக்குச் சொல்லணும்னா அவர் சொல்லுவாரு."

2024 பிப்ரவரியில், சாப்பாடெல்லாம் கொடுத்து முடித்துப் படியேறி வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த மெடிக்கல் கார்டு இருந்திருந்தால் முன்னாலேயே டாக்டரிடம் போய்க் காட்டியிருப்பாரோ என்று கெர்ட்ரூட் கேட்டாள். கடவுளிடம்தான் கேட்டாள், மரியாதை இல்லாமல். பதில் வரவில்லை. பிறகு ஜெபமாலையைக் கையில் எடுக்கவே இல்லை.

எட்டாம் நாள், கிள்ளானில் கிடங்கு வேலை பார்க்கும் மகன் நைஜல், அவளைக் கூட்டிப்போகக் காரோடு வந்தான். "போதும்மா. எங்ககூட வந்துருங்க. எல்லாருக்கும் நான் மெசேஜ் போட்டுடறேன்." அவளும் சரி என்று பையைக் கட்டினாள். அப்போதுதான் போன் அடித்தது. பிலோமினா ஆன்டி.

"கெர்ட்ரூட், அழாதம்மா. எங்களப் பத்திக் கவலப்படாத. நான் சாப்பிட்டேன் லா, நல்லாவே சாப்பிட்டேன்."

கெர்ட்ரூட் போனைப் பிடித்தபடி நின்றாள். மணி மூன்று. 'நல்லாவே' என்று சொன்ன இடத்தில் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. சொல்லாததையும் கேட்கிற மனிதரோடு முப்பது ஆண்டு இருந்தவளுக்கு அது காதில் விழாமல் போகுமா?

"நைஜல், கார எடு. பாசாருக்குப் போயி புளி, காய் வாங்கணும்."

"அம்மா, பைய ஏத்திட்டேன்."

"ஏத்துனா எறக்கு. அந்தம்மா பொய் சொல்லுது."

"தனியா எப்படிம்மா நாப்பது பேருக்கு?"

"தெரியாதுடா" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் தெரியாமலே புறப்படுவது, அந்த எட்டு நாளில் முதல்முறையாக, அவளுக்குப் பயமாக இல்லை. காரில் ஏறி உட்கார்ந்ததும், வழக்கம்போல, தன்னை அறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இப்போது வேறொருவர் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டைக் கொண்டுபோகிறார். பிலோமினா ஆன்டிக்கு எண்பத்தெட்டு வயது. அவருடைய ரத்த அழுத்தத்துக்காக மாரிஸ் குறைக்கச் சொன்ன அளவிலேயே கெர்ட்ரூட் இன்றும் உப்புப் போடுகிறாள். உப்புப் பத்தவில்லை என்று ஆன்டி இன்றும் போன் செய்கிறார்.